முத்திரை யாருடையது?

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை வரலாற்றில் முதன்முறையாக 4000 டொலரைக் கடந்தது. அதே ஆண்டில் இலங்கையில் ஒரு பவுண் ஆபரணத் தங்கம் மூன்று இலட்சம் ரூபா என்ற எல்லையையும் தாண்டிற்று. இத்தகைய காலங்களில் நகைக்கடைகளின் வாசலைப் போலவே வங்கிகளின் அடகுப்பீடங்களும் பரபரப்படைவது வழமை. பிள்ளையின் படிப்புக்கோ, வைத்தியச் செலவுக்கோ, வெளிநாட்டுப் பயண முகவருக்குக் கொடுப்பதற்கோ பெட்டியிலிருந்து எடுத்துச் செல்லப்படும் சங்கிலியை அங்குள்ள அலுவலர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். 22 கரட் என்று நம்பி வாங்கி, 22 கரட் என்று நம்பியே இருபது ஆண்டுகள் அணிந்த நகை 20 கரட் என்றோ அதற்கும் குறைவென்றோ பலருக்கு அந்த இடத்திலேதான் முதன்முதலாகத் தெரியவருகின்றது. அதற்குள் பற்றுச்சீட்டு தொலைந்திருக்கும். சில வேளைகளில் விற்ற கடையும் இருக்காது.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. 22 கரட் தங்கம் பவுணுக்கு மூன்று இலட்சம் ரூபா எனக் கொண்டால் பத்துப் பவுண் நகையின் பெறுமதி முப்பது இலட்சம். அதே நகை உண்மையில் 20 கரட்டாக இருப்பின் அதன் பெறுமதி ஏறத்தாழ 27 இலட்சத்து 27 ஆயிரமே ஆகும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு கரட்டின் விலை 2 இலட்சத்து 72 ஆயிரம் ரூபாவுக்கு மேல். நிறையில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். மாற்றில் குறைந்தால் காட்டிக்கொடுப்பதற்கு எதுவுமில்லை. நகையில் பொறிக்கப்படும் முத்திரை அந்தக் குறையை நிரப்புவதற்காக ஏற்பட்டதே. ஆயின் எம்மவரிற் பெரும்பாலானோர் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கின்றனரே தவிர, அது யாருடைய முத்திரை என்று பார்ப்பதில்லை.

முதலில் அந்த எண்கள் சொல்வது என்ன என்பதை நோக்குவோம். கலப்பற்ற தங்கம் 24 பங்கு எனக் கொள்ளப்படுகின்றது. அதில் 22 பங்கு தங்கமும் எஞ்சியது செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களுமாயின் அது 22 கரட். இதையே ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கூறும்போது 22 கரட் 916 ஆகின்றது. 21 கரட் 875, 18 கரட் 750, 9 கரட் 375. வெள்ளியில் 925 என்றும் பிளாட்டினத்தில் 950 என்றும் காணப்படுவனவும் இதே கணக்குத்தான். எமது நாட்டில் நிறை கூறப் பயன்படும் 'பவுண்' என்ற சொல்லே பிரித்தானியாவின் பழைய பொன் நாணயத்தை நினைவூட்டுவது. அந்நாணயம் 7.98 கிராம் நிறையும் 22 கரட் தூய்மையும் கொண்டது. அதனாலேயே போலும், பவுண் என்றாலே 22 கரட் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் எம்மிடையே ஊறியிருக்கின்றது. இன்று பவுண் என்பது 8 கிராம் என்னும் நிறையை மட்டுமே குறிக்கும். தூய்மைக்கு அது எவ்வகையிலும் பொறுப்பாகாது.

எண்ணோடு சில எழுத்துகளும் வருவதுண்டு. ஆங்கிலத்தில் 'ஜி.பி.' என்றிருந்தால் அது தங்க முலாம் பூசப்பட்டது. 'ஜி.எஃப்.' என்றிருந்தால் வேறோர் உலோகத்தின் மீது தங்கத் தகடு பொதியப்பட்டது. அவற்றின் அருகில் 14, 18 என்ற எண்கள் இருப்பினும் அவை மேற்பூச்சின் தரத்தையே கூறுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புகளிற் பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

'கே.டி.எம்.' என்னும் குறியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. ஏனெனில் அது உயர்தரத்தின் அடையாளம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் இங்கும் நீண்டகாலமாக நிலவி வருகின்றது. முற்காலத்தில் நகையின் பகுதிகளை ஒட்டுவதற்கு தங்கத்தோடு செம்பு முதலியவற்றைக் கூடுதலாகக் கலந்த பற்றாசு பயன்பட்டது. உருக்கும்போது அந்தப் பற்றாசும் சேர்ந்து உருகுவதால் நகையின் மொத்தத் தூய்மை குறைந்துவிடும். 92 பங்கு தங்கமும் 8 பங்கு கட்மியமும் கொண்ட பற்றாசு வந்தபின் அந்தக் குறை நீங்கிற்று. கட்மியத்தின் பெயர்தான் கே.டி.எம். என்று சுருங்கியது. எனவே அது ஒட்டிய முறையைச் சொல்லும் பெயரேயன்றி எவரும் சோதித்து வழங்கிய சான்று அன்று. சூட்டில் எழும் கட்மியப் புகை தொழிலாளரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. இக்காரணத்தால் இந்தியாவின் தர அமைப்பு அதன் பாவனையைத் தடை செய்தது. துத்தநாகம் முதலிய வேறு உலோகங்கள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. தட்டாரின் நெஞ்சை அரித்த ஒரு நஞ்சின் பெயர் வாங்குபவருக்கு உத்தரவாதமாக விற்கப்பட்டமையை என்னவென்று சொல்வது!

ஆக, எண்ணும் எழுத்தும் ஒரு கூற்று மட்டுமே. அந்தக் கூற்றைச் சொல்பவர் விற்பவரே எனின் அதன் மதிப்பு அவருடைய நாணயத்தின் அளவே. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தொடர்பில்லாத மூன்றாவது தரப்பு ஒன்று சோதித்துப் பொறிக்கும்போதுதான் அது ஹோல்மார்க் என்ற பெயருக்கு உரியதாகின்றது. அப்பெயர் வந்த வரலாற்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

இங்கிலாந்தில் 1300 ஆம் ஆண்டு முதலாம் எட்வேர்ட் மன்னனின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், பொன், வெள்ளிப் பொருள்கள் குறித்த தரத்தில் இருக்கவேண்டும் என்றும் அவற்றிற் சிறுத்தைத் தலை பொறிக்கப்படவேண்டும் என்றும் விதித்தது. தொழிலாளர் குழுவின் பொறுப்பாளர்கள் பட்டறை பட்டறையாகச் சென்று சோதித்தனர். அது போதாதென்று 1363 இல் ஒவ்வொரு பொற்கொல்லரும் தமக்கென ஒரு குறியைக் கொண்டிருக்கவேண்டும் என்ற விதி வந்தது. செய்தவர் யார் என்பதை அறிவதற்கு அது உதவிற்று. 1478 இல் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. பட்டறைகளுக்குச் சோதகர் செல்வது நின்று, பொருள்களே இலண்டனிலுள்ள பொற்கொல்லர் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, சம்பளம் பெறும் சோதகர் ஒருவரால் சோதிக்கப்படலாயின. 'ஹோல்' என்னும் அந்த மண்டபத்திற் பொறிக்கப்படும் குறி என்பதனாலேயே ஹோல்மார்க் என்ற பெயர் உண்டாயிற்று. அதே காலத்தில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தொன்றும் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டிற் பொறுப்பிலிருந்த சோதகர் யார் என்பதைப் பிற்காலத்திற் கண்டுபிடிப்பதற்கே அது. செய்தவர் மீது நம்பிக்கையில்லாமல் ஒரு குறி, சோதித்தவர் மீதே நம்பிக்கையில்லாமல் இன்னொரு குறி! நாணயமிக்க தொழில் என்று பெயர் வாங்கிய ஒன்று இவ்வாறு சந்தேகத்தின் மீதே படிப்படியாகக் கட்டப்பட்டிருக்கின்றது.

பிரித்தானியாவில் இன்றும் நடைமுறையிலிருப்பது 1973 ஆம் ஆண்டின் சட்டம். ஒரு கிராமுக்கு மேற்பட்ட தங்க நகையைத் தங்கம் என்று கூறி விற்பதாயின், சில விதிவிலக்குகள் தவிர, முத்திரை கட்டாயம். பொறுப்பாளரின் குறி, தூய்மை எண், சோதனை நிலையத்தின் குறி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பேர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு ரோசாப்பூ, எடின்பரோவுக்குக் கோட்டை. முன்னர் கட்டாயமாக இருந்த ஆண்டெழுத்து 1999 முதல் விருப்பத்துக்கு விடப்பட்டது. வெம்பிளியிலோ சவுத்தோலிலோ வாங்கிய வளையலை மகளோ மருமகளோ விடுமுறையில் கொண்டு வந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியுடன் உட்புறத்தைப் பார்த்தால் இந்த உருக்களில் ஒன்றைக் காணலாம். அவை இல்லாமல் 916 மட்டும் இருப்பின் அது அந்நாட்டுச் சோதனைக்கு உட்படாதது. சிங்கப்பூரில் 916 என்ற எண் எங்கும் பரந்திருந்தபோதிலும் சுயாதீன முத்திரை அங்கு கட்டாயமன்று என்பதும் பலர் அறியாதது.

எம்மவருக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் அயல்நாடான இந்தியாவே. கலியாணத்துக்கு நகை எடுக்கச் சென்னைக்கும் திருச்சிக்கும் செல்வோர் ஏராளம். அங்கு தங்க நகைகளுக்கான முத்திரைத் திட்டம் 2000 ஆம் ஆண்டிலேயே ஆரம்பிக்கப்பட்டது. ஆயினும் விரும்பியவர் மட்டும் பெறலாம் என்ற நிலையே இருபது ஆண்டுகள் நீடித்தது. 2020 ஜனவரியில் அது கட்டாயமாக்கப்படும் என அறிவிக்கப்பட்டு, கொரோனா காரணமாகப் பிற்போடப்பட்டு, 2021 ஜூன் 16 ஆம் திகதி 256 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூலை முதலாம் திகதியிலிருந்து நகையிலுள்ள குறிகள் மூன்றாகின: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22 கே 916 என்பது போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். 2023 ஏப்ரில் முதலாம் திகதிக்குப் பின் அந்த ஆறு இலக்கம் இல்லாத நகையைக் கட்டாய மாவட்டங்களில் விற்கக் கூடாது என்றாயிற்று.

இந்த ஆறு இலக்கத்திலேதான் விடயம் இருக்கின்றது. ஒவ்வொரு நகைக்கும் அது வேறுவேறானது. அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைத்தொலைபேசிச் செயலியில் அதை உட்செலுத்தினால் நகையின் வகை, தூய்மை, முத்திரை இட்ட நிலையம், பதிவுபெற்ற வணிகர் ஆகிய விபரங்கள் தெரியவரும். கையிலிருப்பது மோதிரமாகவும் செயலி சங்கிலி என்று கூறுவதாகவும் இருந்தால் அது யாரோ ஒருவருடைய எண்ணைத் திருடிப் பொறித்தது என்பது அவ்விடத்திலேயே வெளிப்படும். கடையை விட்டு வெளியேறு முன் இதைச் செய்வதற்கு இரண்டு நிமிடமே போதும். குறைந்த தரமென்று பின்னர் நிரூபிக்கப்பட்டால், குறைந்த தூய்மைக்குரிய தொகையின் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் வாங்கியவருக்கு வழங்கவேண்டும் என்று 2018 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. 2021 ஜூலைக்கு முன் வாங்கிய நகைகளில் சோதனை நிலையத்தின் குறியும் கடையின் குறியும் தனித்தனியாக இருக்கும். அவை செல்லாதவை என்று எவராவது கூறி விலையைக் குறைக்க முற்பட்டால் நம்பவேண்டியதில்லை.

அங்கும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2021 ஓகஸ்ட் 23 ஆம் திகதி நகை வணிகர்கள் இந்த அடையாள எண்ணை எதிர்த்து அடையாள வேலைநிறுத்தம் செய்தனர். சோதனை நிலையங்கள் போதாமையால் நகைகள் நாட்கணக்கில் முடங்குகின்றன என்பது அவர்களின் முறைப்பாடு. அதில் நியாயமும் இருந்தது. நிலையம் உள்ள மாவட்டங்களை முதலில் எடுத்துக்கொண்டு, பின்னர் கட்டம் கட்டமாக விரிவாக்கியமைக்கும், ஆண்டுக்கு 40 இலட்சம் இந்திய ரூபாவுக்குக் குறைந்த விற்பனையுள்ள சிறு வணிகருக்கும் 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும் விலக்களித்தமைக்கும் காரணம் இதுவே. ஒரு நகைக்கான கட்டணம் 35 ரூபாவாக இருந்து 2022 இல் 45 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இலட்சக்கணக்கில் விலைபோகும் பொருளொன்றின் உண்மையை அறிவதற்கு அது பெருந்தொகை என்று எவரும் கூறமாட்டார்.

சோதனை என்பது எப்படி நடைபெறுகின்றது என்பதையும் கூறிவிடுவது நன்று. உரைகல்லும் அமிலமும் அனுபவசாலியின் கையில் நல்ல கருவிகளே. ஆனால் அவை மேற்பரப்பை மட்டுமே அறியும். ஊடுகதிர் இயந்திரம் ஒரு நிமிடத்தில் விடை கூறும், நகைக்குச் சேதமில்லை. எனினும் அதுவும் மேற்படையையே வாசிக்கின்றது. தடித்த முலாம் அதையும் ஏமாற்றலாம். ஐயத்துக்கிடமற்ற முறை பழைமையானதே. நகையிலிருந்து சுரண்டி எடுத்த சிறு துணுக்கை வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டிற் பொதிந்து, எலும்புச் சாம்பல் போன்றவற்றாற் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து, ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உலையில் இடுவர். ஈயம் ஏனைய உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துள் உறிஞ்சப்பட, பொன்னும் வெள்ளியும் மணியாக எஞ்சும். அதைத் தட்டி நீட்டி நைத்திரிக் அமிலத்திற் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து பொன் மட்டும் தங்கும். முன்னிருந்த நிறையையும் பின்னிருக்கும் நிறையையும் ஒப்பிட்டாற் கணக்கு முடிந்தது. இது எல்லா நகைக்கும் செய்யப்படுவதன்று. ஒரு தொகுதியிலிருந்து மாதிரி எடுத்தே செய்யப்படுகின்றது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை உலோகங்களின் தூய்மையைச் சோதிக்கும் சேவையை வழங்குகின்றது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் இருக்கின்றது. ஆயினும் கொழும்பு செட்டியார் தெருவிலோ யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ ஒருவர் வாங்கும் நகையில் அவர் பெரும்பாலும் காண்பது கடையின் குறியும் கடையே பொறித்த எண்ணும்தான். அக்கடை தலைமுறைகளாக நாணயம் தவறாததாக இருக்கலாம். பெரும்பாலானவை அத்தகையன என்பதே எமது நம்பிக்கையும். ஆனால் நாணயமுள்ள கடையின் 916 ஐயும் நாணயமற்ற கடையின் 916 ஐயும் வேறுபடுத்திக் காட்ட அந்த எண்ணால் முடியாது.

கட்டாய முத்திரை வந்தால் சிறு பட்டறைக்காரரின் பிழைப்புக் கெடும் என்பது எப்போதும் முன்வைக்கப்படும் வாதம். இதனை நாம் இலகுவாகத் தள்ளிவிட விரும்பவில்லை. எமது கலியாணங்களில் பொன்னுருக்கல் என்றொரு சடங்கு உண்டு. நல்ல நாளில் இரு வீட்டாரும் பார்த்திருக்க, தட்டார் பொன் நாணயத்தை உருக்கித் தாலிக்கான பொன்னை எடுப்பார். ஒரு குடும்பம் கண்ணாற் கண்டு நம்பும் தங்கம் அது ஒன்றுதான். கொடியும் காப்பும் சங்கிலியும் எங்கோ உருகி எங்கோ வார்க்கப்பட்டு வருபவை. இன்று அவற்றிற் பெரும்பகுதி இயந்திரத்தில் தயாராகின்றவை. முகம் தெரிந்த தட்டாரிடம் நகை செய்த காலத்தில் அவருடைய பெயரே முத்திரையாக இருந்தது. அந்த உறவு தளர்ந்த பின்பும் அதே நம்பிக்கையை அறியாத கடையிடம் நாம் கையளித்து வருகின்றோம். உண்மையாகத் தொழில் செய்யும் சிறு பட்டறைக்காரரே இந்நிலையால் அதிகம் இழப்பவர். பெரிய கடைக்கு விளம்பரம் இருக்கின்றது. அவருக்குத் தமது பொன்னின் தரத்தைக் காட்ட எதுவுமில்லை. கட்டணம் குறைவாகவும் நிலையம் அருகிலும் இருப்பின் முத்திரை அவருக்குச் சுமையாவதிலும் பார்க்கத் துணையாவதே கூடுதல்.

நிலையம் அருகில் இருப்பதுதான் முக்கியம். 18 ஆம் நூற்றாண்டிற் பேர்மிங்ஹாமில் வெள்ளிப் பொருள்கள் செய்த மத்தியூ போல்டன் அவற்றைச் சோதனைக்காகத் தொலைவிலுள்ள செஸ்டர் நகருக்கு அனுப்பவேண்டியிருந்தது. காலதாமதமும் வழியில் ஏற்பட்ட சேதமும் பொறுக்க முடியாமல் அவர் நாடாளுமன்றத்திடம் வாதாடினார். 1773 இல் பேர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் தனித்தனிச் சோதனை நிலையங்கள் கிடைத்தன. மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் செய்யப்படும் நகை கொழும்புக்குச் சென்று திரும்பவேண்டும் என்று ஒரு சட்டம் வருமாயின் அது ஏட்டிலேதான் இருக்கும். மாகாணத்துக்கு ஒரு நிலையம், ஊடுகதிர் இயந்திரம், பயிற்சி பெற்ற சோதகர் சிலர் என ஆரம்பித்து, சில ஆண்டுகள் அவகாசம் அளித்து, பெரிய விற்பனையாளரிலிருந்து கட்டாயமாக்கிக் கொண்டுவருவதே நடைமுறைக்கு உகந்தது. வங்கிகளின் அடகுப் பிரிவுகளே நாள்தோறும் எத்தனையோ நகைகளைச் சோதிக்கின்றன. அந்த அனுபவத்தையும் ஆளணியையும் இதற்குப் பயன்படுத்துவது பற்றி அதிகாரிகள் சிந்திக்கலாம்.

இலங்கைத் தமிழருக்கு நகை அழகுப் பொருள் மட்டுமன்று என்பதை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1995 இலும் 2009 இலும் வீடும் காணியும் மாடும் பின்னால் விடப்பட்டபோது சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு செல்ல முடிந்தது அது ஒன்றே. அதை விற்றே பலர் உண்டனர், கடல் கடந்தனர். வங்கிக் கணக்குப் புத்தகத்திலுள்ள தொகையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நாம் வாளாவிருப்போமா? மாற்றுக் குறைந்த நகையில் நிகழ்வதும் அதே இழப்பே.

சட்டம் வரும்வரை வாங்குபவர் செய்யக்கூடியவையும் சில உண்டு. பற்றுச்சீட்டிற் கரட் எண்ணை எழுதுவிக்கவேண்டும்; '22 கரட்' என்று வாயாற் கூறியதைப் பின்னர் நிரூபிப்பது கடினம். கல் பதித்த நகையிற் கல்லின் நிறை வேறாகவும் தங்கத்தின் நிறை வேறாகவும் காட்டப்படவேண்டும்; அட்டிகை, பதக்கம் போன்றவற்றில் உள்ளே அரக்கு இருப்பின் அதுவும் கழிக்கப்படவேண்டும். செய்கூலியும் சேதாரமும் தனித்தனி வரியில் வரவேண்டும். திரும்ப விற்கும்போது எந்தக் கரட்டாக ஏற்பார்கள் என்பதைக் கேட்டு அதையும் சீட்டிலேயே குறிப்பிக்கலாம். 22 கரட் என்று விற்றுவிட்டுத் திரும்ப வாங்கும்போது 20 கரட்டுக்கே விலை தருவோம் என்று கூறும் கடையிடம், எந்தக் கூற்று உண்மை என்று அவ்விடத்திலேயே கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் பழைய நகைகளையும் அவசரம் வருமுன், ஆறுதலான ஒரு நாளிற் சோதித்து, முடிவை அந்தந்த நகையின் பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.